காலிக் குழாய் காட்டிய அளவு

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

தையல் பிரித்தாயிற்றா? படி ஏறாதீர்கள்.

ஆபரேஷனில் இதயம் நின்ற அந்த இரண்டு நிமிடம் எதையோ பார்த்ததாகச் சொன்னீர்களே, சாகும் நேரத்தில் மூளையே மாயக்காட்சி காட்டும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் அதைத்தான் தேடுகிறோம். நேற்று எலியின் மூளைத் திரவத்தில் கிடைத்துவிட்டது! சிரிக்கவே சிரிக்காத எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம்கூடச் சிரித்தார்கள்.

உங்கள் குட்டி

மார்ச் 12

குட்டிக்கு,

தையல் பிரிச்சாச்சு. நான் வேலை பார்க்குற லாரி எடைமேடைக்குச் சும்மா போய் உக்காந்துட்டு வந்தேன். சேதியைச் சொன்னா, "உங்க பொண்ணு எலிக்குப் போதை ஏத்துறாளா?"ன்னு லாரிக்காரங்க ஒரே கிண்டல்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லல. அந்த ரெண்டு நிமிஷத்துல வந்தது உங்க அம்மா. என்னைப் பார்க்காம முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவ கடைசி நாள்லகூட வேலைக்குப் போனவன்தானே நான். அது அந்தப் பொருளோட வேலைதான்னா எனக்கு நிம்மதி. உறுதியானா ஒரு வரி எழுது.

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

லாரியை முதலில் காலியாக எடை போடுவீர்களே, அதுபோல எலித் திரவம் ஒரு சொட்டும் இல்லாத குழாயைக் கருவியில் வைத்தேன். அதிலும் அதே அளவு காட்டியது. முந்தைய சோதனைக்காக நாங்களே போட்ட அந்தப் பொருளின் மிச்சம் கருவியில் ஒட்டியிருந்திருக்கிறது. கழுவிவிட்டுப் பார்த்தால் எலியிடம் ஒன்றுமே தென்படவில்லை. துளி இருந்தாலும் காட்சி காட்ட அது போதாது. மனிதர் மூளையில் என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

மேடத்திடம் சொல்ல இரண்டு நாள் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்தது அந்தப் பொருளின் வேலைதான் என்று உங்களுக்கும் எழுத முடியவில்லை.

ஆனால் நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. கடைசி வாரம் அம்மாவுக்கு இடப்பக்கம் படுத்தால் வலி. நான்தான் வலப்பக்கமாக, சுவரைப் பார்க்கத் திருப்பிப் படுக்கவைப்பேன். வேலை முடிந்து வந்து நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த முதுகைத்தான். உங்கள் சைக்கிள் சத்தம் கேட்டதும், "வந்துட்டாரு, சாப்பாடு எடுத்து வை" என்பாள்.

உங்கள் குட்டி

ஏப்ரல் 9

குட்டிக்கு,

நாலு தரம் படிச்சேன். வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ.

மேடம் ரொம்பத் திட்டினாங்களா? லீவு கேட்டுக்கிட்டு வா. எலி சமாச்சாரம் இருக்கட்டும். அந்த ஒரு வாரம் நடந்ததை ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு.

அப்பா