உங்கள் நாலு சுற்று

திம்மப்பன் அப்பாவுக்கு,

களி மூடி வைத்திருக்கிறேன். அவரைக்கொட்டைக் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. நம் பையன் திம்மப்பன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். நான் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறேன்.

நடக்க வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. "கெலமங்கலத்துல ஏர் ஓட்டின காலுக்கு நர்சு நடக்கக் கத்துக் குடுக்கறாளா?" என்றீர்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் நம் இருவருக்கும்தான் அட்டை கொடுத்தார். தினமும் மைதானத்தில் நடக்க வராதவர் பெயரை நர்சம்மாவின் நோட்டிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அதனால் ஒரு மாதமாக என் நாலு சுற்றோடு உங்கள் நாலையும் நானே நடந்தேன். "அவரு முன்னாடியே நடந்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லி உங்கள் அட்டையிலும் குறி வாங்கினேன்.

நேற்று நர்சம்மா பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, நீங்க நடந்தா தாத்தாவுக்குச் சர்க்கரை எறங்குமா?"

"விரதம் நான் இருந்தா பலன் அவருக்குத்தானே? அந்த மாதிரின்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"நாளைக்கு அவரே வரணும். இல்லேன்னா பேரை அடிச்சிடுவேன்" என்றாள்.

இன்றைக்கு என் நாலு மட்டும்தான் நடப்பேன். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகக் கதை பேசிக்கொண்டு சுற்றுகிறார்கள். உங்கள் நாலை நடக்கும்போது மைதானமே காலியாகிவிடும். எனக்குப் பேச்சுக்கு ஆளிருக்காது.

செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு முனிலட்சுமியிடம் கொடுங்கள்.

அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

கோபம் ஆறாவிட்டால் பேச வேண்டாம். பேசாமலே நடக்கலாம். நர்சம்மா ஏழரைக்கு நோட்டை மூடுவாள். அதுவரை கேட்டருகில் நிற்பேன்.