நூல் விட்ட பியர்

மச்சான்,

இன்று காலை புருசெத்தில் உங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கிப் போய், இந்த நாட்டு மொழியில் 'பூட்' என்று நாங்கள் சொல்லும் அந்தச் சாமான் அறையைத் திறந்து, பெரிய கண்ணாடிச் சாடியின் அடைப்பைக் கழற்றினேன். பழுத்த அன்னாசியும் நனைந்த தோல் செருப்பும் சேர்ந்த மணம் குப்பென்று வந்தது. உன் மணமடா அது! குளிர்காலம் முழுக்க உன் ஜாக்கெட்டில் ஒட்டிக்கிடந்து, ரயிலில் பக்கத்தில் இருந்தவனை எழுந்து நிற்க வைத்த மணம். தனியே நின்று பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

எங்கட ஆட்கள் அலுமாரியில் விஸ்கிப் போத்தல்களை அடுக்கிப் புளுகியபோது, நீயும் நானும் பார்லித் தண்ணீரைக் காய்ச்சி, காற்றில் திரிகிற ஈஸ்ட் தானாக வந்து விழட்டும் என்று பல்கனியில் திறந்து வைத்தோம். பிறகு அது சாடிக்குள் கிடந்து மாதக்கணக்காகத் தன்பாட்டில் புளிக்கும். எங்களுக்கு விசர் என்றார்கள். ஓம், விசர்தான்.

முதல் சாடியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்ததைக் கண்டு, "ஐயோ, பூஞ்சணம்!" என்று நான் கத்தினேன். நீ ரோச் லைட்டை அடித்துப் பார்த்தாய். "விசரா, வடிவாப் பார். மயிர் முளைச்சிருக்கோ? பச்சை, கறுப்பு எங்கையாவது தெரியுதோ? பாலாடை மாதிரித்தானே கிடக்கு. விடு" என்றாய். அந்த ஆடைக்குக் கீழே இருந்ததுதான் நாங்கள் குடித்த முதல் நல்ல பியர். ஆனால் நீ பிடிவாதக்காரன் இல்லை. இன்னொரு சாடியில் உண்மையாகவே பச்சை மயிர் முளைத்தது. மேலால் வழித்தெடுத்துவிட்டுக் குடிப்போம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, ஒரு சொல்லும் கதையாமல் முழுவதையும் சிங்கில் ஊற்றினாய். நெயில் பொலிஷ் மணம் மூக்கில் அடித்த சாடிக்கும் அதே கதிதான். "புளிப்பு வேற, பழுது வேற" என்பாய்.

இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கியது ஒரே ஒரு இடத்தில். ஒருமுறை கரண்டியால் எடுத்த பியர் எண்ணெய் போல வழுவழுத்து நூல் விட்டது. சோறும் பருப்பும் தின்று வளர்ந்த எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டுமோ? நூல் விட்டால் ஊசிப்போச்சு. யோசிக்காமல் ஊற்றினோம். அடுத்த கிழமை நீ எங்கேயோ வாசித்துவிட்டு வந்து தலையில் கை வைத்தாய். இந்த வகைப் பியருக்கு அது ஒரு வருத்தமாம், வந்து மாறுகிற நோயாம். மாதங்கள் போனால் அந்தக் காட்டு ஈஸ்ட்டே நூலைத் தின்று தெளிய வைத்துவிடுமாம்.

"வருத்தக்காரனை உயிரோட தாட்டுப்போட்டமடா மச்சான்" என்றாய். நோயாளியை உயிரோடு புதைத்த பாவம் என்று அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினாய்.

பிறகு வருத்தம் உனக்கே வந்தது. கடைசியாக ஒன்று காய்ச்சினோம். நீ கதிரையில் இருந்து அதிகாரம் பண்ண, நான் துழாவினேன். அது புளித்து முடிய முன்னம் நீ போய்விட்டாய்.

நீ போய் ஒரு கிழமையில் வந்த உன் எட்டுச் செலவுக்கு ஆட்டிறைச்சிக் கறி, மீன்பொரியல் எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். "அப்பாட பியரும் வைக்கோணும்" என்றாள் உன் மகள். ஓடிப்போய்க் கொஞ்சம் எடுத்துவந்தேன். கரண்டியைத் தூக்கினால் நூல்! வந்திருந்த சனம் முகத்தைச் சுளித்தது.

"ஊசினதை அவருக்கு வைக்கேலாது அண்ணை. எல்லாத்தையும் ஊத்திவிடுங்கோ" என்றார் உன் மனைவி.

கடையில் வாங்கிய டின் பியரைத்தான் அன்று உனக்கு வைத்தோம். வாழ்நாளில் நீ மதிக்காத சாமான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஊற்றவில்லை. திரும்பக் கீழே போய் மணந்தேன். நெயில் பொலிஷ் இல்லை, வினாகிரி இல்லை. ரோச் அடித்தேன், மயிர் இல்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். சுத்தமான தேசிக்காய்ப் புளிப்பு. நூல் மட்டும்தான் குறை.

மேலே வந்து, "தங்கச்சி, இது பழுதில்லை, வருத்தம். ஒரு வருசம், ஆட்டைத் திவசம் மட்டும் பொறுங்கோ" என்றேன்.

"ஆர் டூ சிக்கர், மாமா? நிச்சயமோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம், நிச்சயம்" என்றேன். நிச்சயம் எங்கே இருந்தது! உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திவசத்தண்டும் நூல் விட்டால் நானே என்ர கையால ஊத்துவன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் சாடியைத் திறக்கவேயில்லை. காற்றுப் பட்டால் வினாகிரியாகிவிடும் என்று நீ என் கையைத் தட்டிவிட்டது ஞாபகம் இருந்தது. பார்க்க ஆசை வரும்போதெல்லாம் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்று உன் திவசம். காலையில் மணம் சரியாக இருந்தது, ஆனால் தனியே கரண்டியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயர் திவசத்தை முடித்து வெளிக்கிடும் வரை பொறுத்திருந்து, ஒரு கிளாசில் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உன் மனைவி யாரையும் தொட விடாமல் தானே கரண்டியைத் தூக்கினார். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. தனித்தனியாக விழுந்தது மச்சான்! பால் விடாத தேத்தண்ணி நிறம், அடி தெரிகிற தெளிவு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும், நாறக் கிண்டல் பண்ணியிருப்பாய்.

மகள் கிளாசை வாங்கி முதலில் மணந்தாள்.

"அப்பாட ஜாக்கெட்" என்றாள்.

உன் மனைவி அதை அவளிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் வைத்தார். "இந்தாங்கோ, நீங்கள் காய்ச்சினது" என்று உன்னோடு கதைத்தார்.

அடியில் கிடக்கும் மண்டியை நான் எறியவில்லை. சனிக்கிழமை அதையே உறையாக ஊற்றிப் புதிதாக ஒன்று காய்ச்சப் போகிறேன். துழாவ உன் மகள் வருகிறாள், அதிகாரம் பண்ணுவது இனி நான். பச்சை முளைத்தால் உன்னைப் போலவே ஒரு சொல்லும் கதையாமல் ஊற்றுவேன். நூல் விட்டால் கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

இந்தமுறை வருத்தக்காரனைத் தாட்டுப்போடவில்லையடா மச்சான்.