‘கீது’ என்று சொன்ன அக்காவுக்கு

என் பாசத்துக்குரிய ஸ்டெல்லா அக்கா,

நேற்று கோயிலில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மண்ணூர்பேட்டையில் பாதி வந்திருந்தது. உன்னோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த பெண்கள் அழுது ஓய்ந்தார்கள். நான் மட்டும் அழவில்லை. உன் குரல்தான் என்னிடம் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

நினைவிருக்கிறதா? மனிதர் பேசுவதைக் கேட்டு கம்ப்யூட்டர் தமிழில் எழுத வேண்டும், அதுதான் எங்கள் ஆராய்ச்சி. பெண் குரல் வேண்டுமென்று உன்னை ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிப் போனேன். தாளில் ‘வீட்டில் தண்ணீர் இருக்கிறது’ என்று இருந்தது. நீ மைக்கில், “ஊட்ல தண்ணி கீது” என்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“அக்கா, தாள்ல இருக்கிற மாதிரி படி” என்று கடுகடுத்தேன்.

“இன்னாடா, நான் பேசுனா அதுக்குப் புரியாதா? அப்ப அதுக்குக் கத்துக்குடு. என்னை ஏன்டா மாத்துறே?”

எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன். கடைசியில் பூசையில் வாசகம் வாசிப்பவள் போல ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தாய். கேசட்டில் முதலில் பேசிய ‘கீது’வின் மேலேயே அதைப் பதிவு செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் பிழையில்லாமல் எழுதியது. எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். உனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

நேற்று பூசை முடிந்து வந்ததும் அம்மாவை உட்காரவைத்து அந்த கேசட்டைப் போட்டேன். யார் குரல் என்று சொல்லவில்லை. தானே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். அம்மா தலையைச் சாய்த்து முழுதும் கேட்டாள்.

“யார்ரா இது? டீச்சரம்மாவா?”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன் அக்கா. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத குரலையா நான் இத்தனை நாள் பத்திரப்படுத்தினேன்?

அடுத்த வாரம் அம்மாவை மைக் முன்னால் உட்காரவைக்கப் போகிறேன். தாள் கிடையாது. தெருக்குழாய்ச் சண்டை, ரேஷன் கடை, உன்னைப் பற்றி, வாய்க்கு வந்ததைப் பேசட்டும். ‘கீது’ என்றால் ‘கீது’ என்றே கம்ப்யூட்டர் எழுதும்வரை விடமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த டீச்சரம்மா யாரென்று அவளிடம் சொல்லிவிடுவேன். சத்தியம் அக்கா.

உன்னைத் திருத்த வந்து தொலைத்துவிட்ட,
உன் தம்பி சேவியர்