போர்வைக்குள் ஒரு பட்டன்

மார்ச் 3

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். தம்பியின் வலது கட்டைவிரல் நேற்றோடு நின்றுவிட்டது. நரம்பு நோய் இப்படித்தான் ஒவ்வொன்றாக எடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கேம் கண்ட்ரோலரில் தாவுகிற பட்டனை இடது ஆள்காட்டி விரலுக்கு மாற்றிக் கொடுத்தேன். லேப்டாப்பில் பழைய வீடியோ கேமை ஓட்டும் எமுலேட்டர் போட்டு, சின்ன வயதில் நாங்கள் ஆடிய அதே நரி ஆட்டத்தை ஆடுகிறான். கடைசிக் கட்டத்தில் ஓர் உடைந்த பாலம், ஒன்பது பலகை. அன்றும் தாண்டியதில்லை, இன்றும் இல்லை. முப்பத்தெட்டு வயதாகியும் பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

"இந்த விரலும் போறதுக்குள்ள தாண்டிடணும்க்கா. நானே. நீ தொடக்கூடாது."

மார்ச் 6

பாலத்திலிருந்து ஏழு தடவை விழுந்தான். சாப்பிடவில்லை.

மார்ச் 7

ஒரு திருட்டு வேலை செய்தேன். வயர் இல்லாத இன்னொரு கண்ட்ரோலர் வாங்கி, அதிலும் அவன் நரிக்கே தாவும் பட்டன் வைத்தேன். அவனுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து, போர்வைக்குள் அழுத்துகிறேன். நரி இரண்டு பலகை கூடுதலாகத் தாண்டியது. ஒருமுறை அவசரப்பட்டு அவனுக்கு முன்பே அழுத்திவிட்டேன் — கவனித்தானோ?

தப்புதான். தப்பு சரி பார்க்க அவனுக்கு எத்தனை நாள் இருக்கிறது?

மார்ச் 9

கடையிலிருந்து வந்தபோது செட்டிங் திரையில் இருந்தான். "என்னடா நோண்டுற?" என்றேன்.

"சும்மாதான். எழுத்தெல்லாம் சின்னதா தெரியுதுக்கா."

கண்ணாடிக் கடைக்காரியிடம் போய்ச் சொல்கிறான் பார்.

மார்ச் 11

பன்னிரண்டு தடவை விழுந்தான். எனக்கும் வயதாகிறது, கை பிந்துகிறது போல. அவனுக்குக் கோபமே வரவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, அவ்ளோ குளிரா?"

மார்ச் 14

தாண்டிவிட்டான்! ஒன்பது பலகையும்!

"பாத்தியாக்கா? நானே!" என்று கத்தினான்.

"பாத்தேன்டா" என்றேன். அப்புறம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் கெடுத்தேனே, பாவி. சொல்லிடலாமா? சொன்னா உடைஞ்சு போயிடுவானே.

மார்ச் 29

இடது கையும் நின்றுவிட்டது. கண்ட்ரோலரை மடியில் வைக்கச் சொல்கிறான், சும்மா.

மே 2

காலை ஆறு இருபதுக்குப் போய்விட்டான்.

மே 5

சொல்லவே இல்லை நான்.

ஜூன் 8

அவனுக்கு பிசியோதெரபி செய்தவர் வந்திருந்தார். "அந்த கேம் செட்டு வேற பேஷண்டுக்கு உதவும், குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். சரி, பட்டன்களைப் பழையபடி மாற்றிக் கொடுக்கலாம் என்று செட்டிங்கைத் திறந்தேன்.

இரண்டாவது கண்ட்ரோலர், தாவும் பட்டன்: காலி.

நான் எடுக்கவில்லை. கடைசியாகச் சேமித்த தேதி மார்ச் 9 என்று கீழே இருந்தது.

அப்படியென்றால் அதற்குப் பிறகு போர்வைக்குள் நான் அழுத்தியதெல்லாம் வெறும் பட்டன். பாலத்தை அவனேதான் தாண்டியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை என் பாட்டுக்கு அழுத்த விட்டிருக்கிறான், படவா. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை.

"பாத்தியாக்கா?" என்று கேட்டானே. நரி மேலேயே கண்ணாக இருந்தேன். அவன் விரலை நான் பார்க்கவே இல்லை.

கண்ட்ரோலரை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.