பெரியப்பா வீட்டு வெள்ளைச் சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன?

மற்றவர்களைப் போலப் பெரியப்பாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார் என்று அம்மா எழுதியிருந்தாள். அதையே நினைத்துக்கொண்டு சாரத்தில் நின்று பெயின்ட் அடித்தேனா, வாளி நழுவி மேஸ்திரி தலையில் கவிழ்ந்துவிட்டது. "ஏன்டா, சுவத்துக்குத்தானே அடிக்கச் சொன்னேன்?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நம் கரையில் இனி நீங்கள் இருவர்தான். கடலிலிருந்து திரும்பும்போது அவர் வீட்டு வெள்ளைச் சுவரும் நம் கூரையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால்தான் பாறையில் இடிக்காமல் படகை உள்ளே விடுவீர்கள். சுவர் கண்ணில் பட்டதுமே, "சோறு தெரியுதுடா!" என்று கத்துவீர்களே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆளில்லாத வீட்டுச் சுவர் இரண்டு மழையில் கறுத்துவிடும்.

இத்துடன் நல்ல பிரஷ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுக்கு அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மழைக்கு முன் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. நான் வரும்போதும் சோறு தெரிய வேண்டும், அப்பா.

உங்கள் மகன்