முதல் கையெழுத்தை நீக்கக் கேட்டு

அனுப்புநர்:
ஜுவாங் வென்சுங், வயது 67,
பெயின்ட் கடை, எண் 41, ஃபூஆன் கடைத்தெரு,
செங்ஷான் நகர், தென் தைவான்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சாலைப் பணித் துறை, செங்ஷான் நகராட்சி.

பொருள்: ஃபூஆன் கடைத்தெருவில் கைவிடப்பட்ட நடைபாதைத் திட்டத்தை மீண்டும் எடுக்கவும், அதற்கு எதிரான மனுவிலிருந்து என் கையெழுத்தை நீக்கவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தெருவில் முப்பத்தோர் ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு தங்கள் துறை இத்தெருவின் இருபுறமும் நடைபாதை அமைக்கவும், கடைகளின் முன்னுள்ள தாழ்வாரங்களை ஒரே மட்டமாக்கவும் திட்டமிட்டது. வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்று ஐம்பத்திரண்டு கடைக்காரர்கள் ஆட்சேபித்து மனு கொடுத்தோம். திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அந்த மனுவை எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

2. அப்போது நடந்த வார்டுக் கூட்டத்தில், “நடந்து வர்றவன் பெயின்ட் வாங்க மாட்டான் சார், வண்டியில வர்றவன்தான் வாங்குவான்” என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பின் கோலூன்றி நடந்துகொண்டிருந்த என் மனைவி லியாவ் சியூச்சின் பின்வரிசையிலிருந்து, “அப்ப நான் எங்க நடக்கறது, உங்க தலைமேலயா?” என்று கேட்டாள். கூடமே சிரித்தது. வெட்கமின்றி நானும் சிரித்தேன்.

3. சட்டப்படி தாழ்வாரம் பொதுவழி. எங்கள் வழக்கப்படி அது அவரவர் கடையின் முன்னறை. மழைநீர் ஏறாதிருக்க என் பகுதியை ஒரு படி உயர்த்தினேன். பிறர் வண்டி நிறுத்தாதிருக்க, காலி பெயின்ட் வாளிகள் இரண்டில் சிமென்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் கம்பி நட்டு வைத்தேன். பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரர் திரு. கோ மேசை போட்டார். அடுத்தவர் ஸ்கூட்டர்களை நிறுத்தினார். யாரும் யாரையும் கேட்டதில்லை.

4. 18.06.2024 மாலை ஆறே முக்காலுக்குக் குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டது. தாங்கள் அறிந்தபடி, பாட்டுக் கேட்டதும் பையோடு ஓடி நாமே வண்டியில் போட்டாக வேண்டும். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. நான் வாடிக்கையாளருக்கு நிறம் கலக்கிக்கொண்டிருந்ததால் என் மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தாழ்வாரத்தில் என் வாளி வழிமறித்தது. சாலையில் இறங்கினாள். நின்றிருந்த காரைச் சுற்றிக்கொண்டு வந்த சரக்கு வேன் அவளை இடித்தது. முதுகெலும்பு முறிந்தது. அன்றுமுதல் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

5. சாலையில் இறங்கி நடந்ததால் விபத்தில் பாதசாரிக்கும் பொறுப்பு உண்டு என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. அந்தப் பொறுப்பு அவளுடையது அல்ல, ஐயா. வாளி என்னுடையது.

6. வாளிகளை அகற்றிவிட்டேன். படியை நானே சம்மட்டியால் உடைத்துச் சரிவு கட்டினேன். ஆனால் என் கடையின் அகலம் நான்கு மீட்டர். அது முடியும் இடத்தில் திரு. கோவின் மேசை. அவள் வெளியே போகக்கூடிய தூரம் இப்போது அவ்வளவுதான். அறுபதடி தள்ளியிருக்கும் காய்கறிச் சந்தையை அவள் பார்த்து ஐந்து மாதமாகிறது.

7. கையெழுத்தைத் திரும்பப் பெறக் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூவர் சம்மதித்தனர். திரு. கோ என் மனுவின் நகலை எடுத்துக் காட்டி, “அண்ணே, நீங்க எழுதினதை நம்பித்தானே நாங்க கையெழுத்துப் போட்டோம்? இன்னிக்கு உங்க வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னு எங்க பொழப்பைக் கெடுக்கறீங்களே!” என்றார்.

8. ஆகவே, அந்த மனுவை அதை எழுதியவனே மறுத்துவிட்டதாகப் பதிவு செய்து, திட்டத்தை மீண்டும் எடுக்குமாறு வேண்டுகிறேன். இடிப்பதை என் கடை வாசலிலிருந்து தொடங்கலாம்.

9. தாங்கள் ஒருநாள் மாலை ஆறே முக்காலுக்கு நேரில் வந்து பார்வையிட வேண்டும். பாட்டுக் கேட்டதும் என் மனைவி இன்றும் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மேசைவரை வந்து காத்திருக்கிறாள். அவளிடம் தாங்கள் எதுவும் விசாரிக்க வேண்டாம். வாகனத்தைச் சந்தையருகே விட்டுவிட்டு, சாலையில் கால் வைக்காமல் அவளிடம் நடந்து வந்து அந்தப் பையை வாங்கிப் பாருங்கள்.

இடம்: செங்ஷான்
நாள்: 20.11.2024

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஜுவாங் வென்சுங்

இணைப்பு: என் பழைய மனுவின் நகல்.