நான்கு நிமிட நீரூற்று

அன்புள்ள மனைவிக்கு,

விட்பி ஊரில் உன் அக்கா நலம் என நம்புகிறேன். ‘அந்த நீரூற்றுல தண்ணி வர்ற அன்னிக்கு நானும் வர்றேன்’ என்று காரில் ஏறும்போது சொன்னாய். அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை பதினொன்று பத்துக்குத் தண்ணீர் வந்தது. விக்டோரியா ராணி காலத்துக் கல் டால்பின்கள் மூன்றும் முதலில் இருமின, பிறகு துப்பின. நம் மாளிகையின் பதினான்கு குடித்தனங்களும் ஜன்னலுக்கு வந்தன.

“உங்க வீட்டம்மா பாக்க வேண்டாமா?” என்றார் மேல்மாடி மிசஸ் பார்ஜெட்டர். உன் அக்காவுக்கு முழங்கால் வலி என்றேன். ஐந்து மாதமாக நான் சொல்லும் சாக்கு அதே முழங்கால்தான்.

கூரை ஓடுகளைச் சோதிக்க வந்திருந்த பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் துறை அதிகாரி டிண்டல், பதினொன்று பதினாலுக்கு ஓடி வந்தார்.

“நிறுத்துங்க சார்! பதிவேட்டுல ‘வறண்ட நீரூற்று’ன்னு இருக்கு. தண்ணி விட்டா சின்னத்தை மாத்தினதா ஆயிடும்.”

“நீரூற்றுல தண்ணி வந்தா தப்பா?”

“அனுமதி கேட்டு எழுதுங்க, எட்டு வாரம் ஆகும். ஆனா நல்லா இருந்துச்சு சார்.”

தேநீர் கொடுத்தேன். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, மன்னிப்பும் கேட்டு, குழாய்க்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. நான்கு நிமிடத்துக்குப் பதினான்கு வீட்டுச் சாட்சி இருக்கிறது. உன் பிறந்தநாளன்று நான் இந்த நீரூற்றின் பம்புக்கடியில் படுத்திருந்ததற்கும் அவர்களே சாட்சி என்பதால், அதைப் பற்றி வாதாடப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பது ரயிலுக்கு நிலையத்தில் நிற்பேன். எட்டு வாரமெல்லாம் காத்திருக்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
பதிவேட்டின்படி இன்னும் உன் கணவன்